கரைமேல் கண்ணுசாமி

— இதை மேடைன்னு எழுதட்டுங்களா, சமாதின்னு எழுதட்டுங்களா? படிவத்துல ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்குதுங்க.

— உக்காந்தா மேடை, கும்புட்டா சமாதி. உனக்கு எது தோதோ எழுதிக்க அப்பு.

— பெருமாயம்மா, நான் இந்த ஊருக்கு வி.ஏ.ஓ.வா வந்து நாலு மாசந்தானுங்க ஆகுது. மதியழகன்னா ஏமாந்தவன்னு பேரு வாங்கிக் குடுத்துராதீங்க. நேராப் பதில் சொல்லுங்க.

— நேராத்தான் சொல்றேன். ஒசரம் முழங்காலளவு. நீளம் ஒரு ஆளு காலை நீட்டிப் படுக்குற அளவு. மேல டைல்ஸ், தலைமாட்டுல விளக்கு மாடம். மத்தியானமானா ஆடு மேய்க்கிறவன் ஏறிப் படுத்துக் கொறட்டை விடுறான். அமாவாசையானா இந்தா நிக்கிறாளே, இவ வந்து விழுந்து அழுவுறா.

— சார், நான் சொல்றேன் சார். அது சமாதிதான். எங்க வீட்டுக்காரரு கண்ணுசாமி உள்ள இருக்காரு.

— எங்க வீட்டுக்காரராம்! வீட்டுக்காரர்னா வீடுன்னு ஒண்ணு இருக்கணும்டி சுந்தரம்மா. உனக்கு அவரு வச்சுக் குடுத்தது நாகல் நகர்ல ஒரு வாடகை ரூமு.

— கேட்டீங்களா சார்? நைட் ஷிப்ட் முடிச்சு, தலையில ஒட்டுன பஞ்சக்கூடத் தட்டாம பஸ் ஏறி வந்திருக்கேன். வந்து செத்த நேரம் ஆகல, ஆரம்பிச்சிருச்சு மூத்தது. எனக்கும் தாலி கட்டுனாரு சார். பழனியில வச்சு. போட்டோ இருக்கு.

— எனக்குக் கட்டுனப்ப ஊரே நின்னு பாத்துச்சு. போட்டோ தேவைப்படல.

— அம்மா, ரெண்டு பேரு தாலியும் இந்தச் சட்டத்துக்குள்ள வரலீங்க. வாய்க்கா மட்டுந்தான் வருதுங்க. டேப்போட அந்த முனையைச் செத்த பிடிங்க. வாய்க்கா வளைவு, தென்கரை, ஆறே கால் அடி. சரிங்க. இப்ப விதி என்ன சொல்லுதுன்னா...

— சொல்லு, சொல்லு. எனக்கு அது இதுவரைக்கும் ஒண்ணும் நல்லதாச் சொன்னதில்ல.

— வாய்க்கா நிர்வாகம், பாதுகாப்புச் சட்டத்தைப் போன மாசம் திருத்திட்டாங்கங்க. முன்னெல்லாம் கரையில ஒருத்தன் கொட்டாய் போட்டா நாங்க நோட்டீசு குடுப்போம். அவன் அந்த நோட்டீசுலயே வடைய வச்சு எண்ணெய் பிழிஞ்சு தின்பான். இனி அப்படி இல்லீங்க. கரை மேல கட்டுனவங்க பேரு பாசனச் சங்கத்து ஓட்டர் லிஸ்டுல இருக்கக் கூடாது, அடிச்சிரணும். அபராதம் உண்டு. முரண்டு பண்ணினா ஆறு மாசம் உள்ள வைக்கவும் இடம் இருக்குதுங்க.

— செத்தவரையா?

— கட்டுனவங்களைங்க.

— அப்ப எழுதிக்கங்க சார். கட்டுனது இவங்கதான். பெருமாயி, வயசு அம்பத்தெட்டு.

— அம்பத்தஞ்சுடி. நான் எங்க கட்டுனேன்? வாய்க்கா ஓரமா நாலு செங்கல்லு கெடந்துச்சு. அதுக்கு சிமெண்டு பூசி, டைல்ஸ் ஒட்டி, மகாலு மாதிரி ஆக்குனது யாரு? மில்லுல போனஸ் போட்டா புள்ளைக்குப் பாவாடை எடுப்பாளுக. இவ புருசனுக்கு டைல்ஸ் எடுத்தா.

— செங்கல்லு தானா நடந்து வந்து அடுக்கிக்கிச்சாக்கும்?

— ஒரு நிமிசங்க, ரெண்டு பேரும் செத்த நிறுத்துங்க. எனக்கு முன்னாடி இருந்த வி.ஏ.ஓ. ஒரு காகிதக் கட்டு வச்சிட்டுப் போயிருக்காருங்க. கட்டுமேல 'இவர்களிடம் ஜாக்கிரதை'ன்னு எழுதியிருக்குது. படிக்கிறேன், கேளுங்க. தொண்ணூத்தி நாலு, ஆடி மாசம். 'மேற்படி சமாதியை நானே செங்கல் சுமந்து கட்டினேன். சுந்தரம்மாள் என்பவருக்கு அதில் விளக்கு வைக்கும் பாத்தியதை கிடையாது.' கீழ கைநாட்டு. பெருமாயிங்க.

— அது எந்தப் பெருமாயியோ.

— அடுத்த மாசமே இன்னொண்ணுங்க. 'மேற்படி சமாதியை முழுமையாகக் கட்டியது நானே. கல்வெட்டில் கணவர் பெயருக்குக் கீழே இருந்த என் பெயரைப் பெருமாயி என்பவர் அரிவாளால் சுரண்டிவிட்டார். நடவடிக்கை வேண்டும்.' கையெழுத்து, சுந்தரம்மாள்.

— அது கோவத்துல எழுதுனது சார்.

— தொண்ணூத்தி ஆறுல மூணு மனு. தொண்ணூத்தி ஒம்போதுல நாலு. போன வருசங்கூட ரெண்டு. மொத்தம் பதினொண்ணுங்க. பதினொண்ணுலயும் ஒரே வாசகந்தான், 'நானே கட்டினேன்'. இன்னைக்கு நான் படிவத்த நீட்டுனா ரெண்டு பேரும் அவ கட்டுனாங்கறீங்க. நான் எதைங்க நம்பட்டும்?

— அன்னைக்குக் கட்டுனவளுக்குப் பெருமை. இன்னைக்குக் கட்டுனவளுக்கு செயிலு. கேள்விய மாத்திப்புட்டு பதில மட்டும் அப்படியே வச்சுக்கங்கிறியே, இது என்னய்யா நியாயம்?

— நியாயத்துக்கு இதுல கட்டம் இல்லீங்க.

— சரி, இத்தன வருசமா எவன் கண்ணுலயும் படாத சமாதி, இன்னைக்கு எப்படிப் பட்டுச்சு? யாரு மனு குடுத்தது?

— பேர் போடாத மனுங்க.

— பேரு எதுக்கு? தலைமடை முத்துக்கிருஷ்ணன்தான். அவன் தென்னந்தோப்புல வேல பாக்குற கணக்கனுக்குத்தான் இப்படிக் கோணக் கோணையா எழுத வரும்.

— அவருக்கு செத்த மனுசன் மேல என்ன கோவம் சார்? எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப சண்டை போட்டாங்க, சரி. செத்த பெறகும் விட மாட்டாரா?

— செத்தவன் மேல இல்லடி, ஓட்டு மேல. புதுச் சட்டப்படி பாசனச் சங்கத்துக்குத் தேர்தல் வருது. முத்துக்கிருஷ்ணன் தலைவருக்கு நிக்கிறான். எதுத்து நிக்கிறது நம்ம கடைமடைப் பொம்மையன். தலைமடையில இருபத்தாறு ஓட்டு. கடைமடையில நம்மளையும் சேத்து இருபத்தேழு. நம்ம ஓட்டு போச்சுன்னா?

— சமமா வரும்.

— சமமா வந்தா சீட்டுக் குலுக்கிப் போடுவோமுங்க. அதுக்கும் விதி இருக்குது.

— குலுக்குறவன் அவன் தோப்புல எளநி குடிச்சவனா இருப்பான். அவன் தலைவரானான்னு வையி, வாய்க்கா ஷட்டர் சாவி அவன் இடுப்புல. கரைய எங்க வெட்டுறது, எங்க அடைக்கிறதுங்கிறதும் அவன் வாயில. நம்ம ரெண்டு ஏக்கருக்கு அப்புறம் நாய் வந்து ஒண்ணுக்குப் போனாத்தான் ஈரம்.

— அந்த ரெண்டு ஏக்கர்ல எனக்கு என்ன வருது? வருசத்துக்கு ஒரு மூட்டை நெல்லு. அதுலயும் பாதி பதரு.

— பதரு எடுக்கவும் தண்ணி வேணும்டி.

— சார், பட்டாவுல எங்க ரெண்டு பேரும் இருக்கோம்ல? ஒருத்தி பேரு போனா இன்னொருத்தி ஓட்டு இருக்குமே. அப்பயும் இருபத்தேழு வருமே.

— கரெக்டாத்தான் கேக்கறீங்க. கூட்டுப் பட்டாவுக்கு ஒரே ஓட்டுத்தானுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு. யாராச்சும் ஒருத்தரு போடலாம்.

— அவரு உசுரோட இருந்தப்பயும் அதே சட்டந்தான் அப்பு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு. ஒருநேரத்துல ஒருத்தி.

— அக்கா, கவர்மெண்டு ஆளு முன்னாடி என்ன பேச்சு இது?

— கவர்மெண்டுக்கும் கல்யாணம் ஆகியிருக்கும். ஏன் அப்பு, ஆயிருச்சுல்ல?

— ஆயிருச்சுங்க. ஒண்ணே ஒண்ணு. வேலையப் பாப்போமுங்களா? ஒருத்தரு நான்தான் கட்டுனேன்னு ஒத்துக்கிட்டா அவங்க பேர அடிச்சிருவேன். அடுத்தவங்க ஓட்டுப் போட்டுக்கலாம்.

— அம்புட்டுத்தான? ஏண்டி, நீ ஒத்துக்க. நான் ஓட்டுப் போட்டுக்கிறேன்.

— ஏன், நீங்க ஒத்துக்கங்க. நான் போடுறேன்.

— நீயா? தேர்தல் ஞாயித்துக்கெழம. உனக்கு எந்த ஞாயித்துக்கெழம லீவு? சொந்தப் புள்ள காதுகுத்துக்கே ஷிப்ட் முடிச்சு சாயங்காலம் போனவ நீ.

— காதுகுத்துக்கு நீங்க வந்தீங்களா?

— கூப்புட்டியா?

— பத்திரிக்கை வச்சேன். இந்தச் சமாதி மேலதான் வச்சேன்.

— எனக்கு வச்சியா, அவருக்கு வச்சியா? அவரு வந்தாரா?

— சார், நான் ஒத்துக்க முடியாது சார். போலீசு கேசுன்னு காதுல விழுந்தாப் போதும், மில்லுல அன்னைக்கே கணக்க முடிச்சு வெளிய தள்ளிருவான். எம்புள்ள தமிழ்மதி எட்டாவது படிக்கா. எனக்கு மாமனா, மச்சானா? யாரு சோறு போடுவா?

— சரிங்க. ரெண்டு பேருமே இல்லைன்னா அதுக்கும் ஒரு கட்டம் இருக்குதுங்க. 'உரிமை கோரப்படாதது.' யாரு கட்டுனதுன்னு தெரியல. யாரு பேரையும் அடிக்க வேணாம்.

— இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன சார்? அதுல டிக் போடுங்க.

— போட்டா இன்னைக்கே எடுத்துருவாங்கங்க.

— எத?

— இதத்தானுங்க. உரிமை கோராத கட்டுமானத்துக்கு நோட்டீசு கெடையாது, விசாரணை கெடையாது. பொக்லைன் வண்டி தலைமடைப் பாலத்துலதான் நிக்குது. நான் போன் போட்டா அரை மணி நேரத்துல வந்து ஒரே அள்ளு.

— அவரையா?

— மேடையைங்க.

— மேடைக்குள்ளதானே சார் அவரு கலயம் இருக்கு! மதுர பெரியாஸ்பத்திரியில செத்துப் போனாரு. அங்கனயே எரிச்சுட்டு, எலும்பையும் சாம்பலையும் கலயத்துல கொண்டாந்து இதுக்குள்ள வச்சாங்க. எனக்கு மொகத்தக்கூடக் காட்டல சார். புள்ள வயித்துல நாலு மாசம். மூணாம் நாளுதான் சொல்லியனுப்புனாங்க. ஓடி வந்து பாத்தா செங்கல்லு காஞ்சு போயி நிக்குது. அவருன்னு எனக்கு மிச்சம் இருக்குறது அந்தக் கலயந்தான். அத பொக்லைன்ல அள்ளுவீங்களா?

— 'கொண்டாந்து வச்சாங்க'ங்கறீங்க. யாருங்க வச்சது? அதச் சொன்னீங்கன்னா எனக்கு வேலை முடிஞ்சுது.

— நல்லா மொறைச்சுப் பாருங்க அக்கா. நான் சொல்லல.

— அப்பு, உரிமை கோருனா எத்தன நாளு குடுப்ப?

— அறுபது நாளுங்க. நோட்டீசு, அப்புறம் விசாரணை. மொத தடவைங்கிறதால செயிலெல்லாம் வராது, அபராதத்தோட போயிரும். போலீசுக்கும் போகாது, மில்லுக்கும் போகாது. அறுபது நாளுக்குள்ள தேர்தல் முடிஞ்சு புதுச் சங்கம் வந்துருமுங்க. கரைக்குப் பாதகமில்லைன்னு சங்கத்துல தீர்மானம் போட்டா, இருந்துட்டுப் போகட்டும்னு விடவும் திருத்தத்துல வழி இருக்குது.

— சுந்தரம். கேட்டியா?

— 'டி' போடாமக் கூப்புடுறீங்க. என்னமோ கேக்கப் போறீங்க.

— நான் கோருனா நீ வந்து ஓட்டுப் போடணும். நீ வர மாட்டேங்குறதுக்கு அந்த மில்லு சங்கே உத்தரவாதம். நீ கோரு. எனக்குத் தண்ணி வேணும், உனக்கு அவரு வேணும். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவோம். பதிமூணு வருசத்துல இன்னைக்குத்தான் பங்கு சரியா வருது.

— கல்வெட்டுல எம்பேரச் சுரண்டுனது நீங்கதான்னு சொல்லுங்க.

— நான்தான்.

— அத மறுபடியும் வெட்டுவேன்.

— வெட்டிக்க.

— 'மனைவி சுந்தரம்மாள்'னு வெட்டுவேன்.

— அப்பு, மம்பட்டிய ஓங்குன மாதிரி நிக்கிறா பாரு. வெட்டிக்கடி. கலர் பெயிண்டு வேணும்னாலும் அடிச்சுக்க.

— சார் எழுதுங்க. கட்டுனது நான்தான். டைல்ஸ் மட்டும் இல்ல. அடிச் செங்கல்லு மொதக்கொண்டு நான்தான் சொமந்து கட்டுனேன்.

— இங்க ஒரு கையெழுத்துங்க. இந்தப் பக்கம் ஒண்ணு. அப்பாடா. பெருமாயம்மா, ஓட்டு உங்க பேர்ல வந்துருமுங்க. நான் போயி பொக்லைன்காரனத் திருப்பி அனுப்பணும். ரெண்டு பேருகிட்டயும் ஒரு வேண்டுகோளுங்க. பன்னெண்டாவது மனு மட்டும் எழுதிராதீங்க. வர்றேனுங்க.

— போயிட்டு வா அப்பு. வண்டிய வரப்புல விட்டுராத, சேத்துல சிக்கிக்கும்.

— நல்ல மனுசன்.

— நல்லவந்தான். ஆனா அவன் கட்டத்த விட்டு வெளிய வர மாட்டேங்குறான்.

— அக்கா, வீட்டுல கடப்பாரை இருக்கா?

— இருக்கு. எதுக்கு? இன்னைக்கேவா பேரு வெட்டப் போற?

— இல்ல. கையெழுத்துப் போடுறப்பவே யோசிச்சேன். அறுபது நாள் கழிச்சு பொம்மையன் ஜெயிச்சாலும் அவரு என்ன யோக்கியரா? தீர்மானம் போடுறேன்னு சொல்லி என்னைய பத்து தடவ லீவு போட வைப்பாரு. அதுக்குப் பதிலா, இந்த ஓரத்துக் கல்ல நெம்பி இன்னைக்கே கலயத்த எடுத்துட்டுப் போயிர்றேன். நாகல் நகர் வீட்டுல சாமி மாடத்துல வச்சுக்குவேன். தெனமும் விளக்கு. பஸ்ஸு மாறி வரவும் வேணாம், உங்க வாயில விழவும் வேணாம்.

— அப்ப மேடை?

— இடிச்சுக்கங்கன்னு சாருக்கு எழுதிக் குடுத்துர்றேன். அபராதமும் இருக்காது. எனக்குக் கல்லு எதுக்கு? அவருதான வேணும். உங்க ஓட்டு உங்ககிட்டதான் இருக்கு.

— அதெல்லாம் வேணாம்.

— ஏன் வேணாம்? ஆளுக்கு ஒண்ணுன்னு இப்பத்தான சொன்னீங்க. நாக்கு காயல.

— சொன்னேன். தோண்டாத.

— கடப்பாரை தராட்டிப் போங்க. இந்தக் கல்லு ஆடுது, கையாலயே எடுத்துருவேன்.

— சுந்தரம், கைய எடு.

— எடுக்க மாட்டேன். கவர்மெண்டு பேப்பர்ல எம்பேரு இருக்கு. எம்புருசன், நான் கட்டுனது, நான் எடுக்குறேன்.

— அதுக்குள்ள அவரு இல்லடி.

— என்னது?

— அவரு இல்ல. எரிச்ச மறுநாளே எங்கண்ணன் அம்புட்டுச் சாம்பலையும் வைகையில கரைச்சுட்டான். பக்கத்துல நின்னு பாத்தேன்.

— கலயத்தத் தூக்கிட்டு வந்தீங்கன்னு ஊரே சொல்லுச்சு.

— கலயம் இருக்கு. உள்ள என் அடுப்புச் சாம்பல். அதோட செத்த கோழி ரெண்டு உரிச்சுக் காயவச்ச எலும்பு. குலுக்குனா சத்தம் கேக்கணும்ல.

— கோழியா?

— சீக்கு வந்து செத்தது. உசுரோட ஒண்ணையும் அறுக்கல.

— நீங்க மனுசப் பெறப்புதானா?

— உக்காரு. உக்காந்து கேளு. அவரு இருந்தப்ப ஏன் நம்ம ரெண்டு வீட்டையும் விட்டுப்புட்டு இந்த வளைவுல கட்டிலப் போட்டுக் கெடந்தாருன்னு நெனச்ச? காத்து வாங்கவா? இந்த எடத்துல கரைய வெட்டுனா தண்ணி நேரா முத்துக்கிருஷ்ணன் புதுத் தோப்புக்குள்ள போயிரும். கடைமடைக்கு ஈரங்கூட வராது. அவரு ஆஸ்பத்திரியில கெடந்த பத்து நாள்ல ரெண்டு தடவ மம்பட்டி போட்டுட்டான். ஆளே போயிட்டாருன்னா? தாசில்தார் கிட்ட மனு குடுத்தேன், பாக்குறோம்னாரு. போலீசுல குடுத்தேன், அளந்து கொண்டாங்கன்னாங்க. எந்தச் சட்டமும் இங்க வந்து படுத்துக்கல. அதான் செத்தவரையே கொண்டாந்து படுக்க வச்சேன். செத்தவன் எலும்பு மேல எவன் மம்பட்டி போடுவான்?

— அப்ப முத்துக்கிருஷ்ணன் மனு குடுத்தது நம்ம ஓட்டுக்காக இல்ல.

— ஓட்டு அவனுக்குக் கொசுறு. வளைவுதான் வேணும். மேடைய எடுத்துட்டா மறுநாளே வெட்டிருவான். அத வி.ஏ.ஓ.கிட்ட சொன்னா, உள்ள யாரு, எப்ப வச்சது, யாரு வச்சதுன்னு இன்னொரு படிவத்த உருவுவான்.

— கோழி எலும்பக் கட்டிப்பிடிச்சு நான் பதிமூணு வருசம் அழுதிருக்கேன்.

— ஆமா.

— பெறக்கப் போற புள்ளைக்குப் பேரு கேட்டேன். டைபாய்டுல அது கெடந்தப்ப இந்தத் தரையில தலைய முட்டிக்கிட்டேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— சொல்லியிருந்தா வந்திருப்பியா?

— வந்தவள விரட்டுனீங்க. விளக்க ஒடைச்சீங்க. பேரச் சுரண்டுனீங்க. மனு மேல மனு போட்டீங்க.

— பின்ன? ரெண்டு பொண்டாட்டி மயிரப் பிடிச்சு அடிச்சுக்கிட்டாத்தான் உள்ள புருசன் இருக்கான்னு ஊரு நம்பும். தலைமடைக்காரனுக பல தடவ மம்பட்டியோட வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கானுக. என் செங்கல்லப் பாத்துன்னா நெனச்ச? நீ தலைய விரிச்சுப் போட்டு உருளுறதப் பாத்து.

— போதும். நான் போறேன். கையெழுத்து போட்டது போட்டதா இருக்கட்டும், கலயத்தத் தொடல. ஆனா இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன். அமாவாசைக்கு நீங்களே அழுதுக்கங்க.

— நான் அழுதா எவன்டி நம்புவான்? அவரு செத்த அன்னைக்கே எனக்கு அழுகை வரல.